லைனும் லயமும்

புதுக்கவிதையைப் பற்றிப் பேசும்போது 'வரி' என்கிறோம். மரபு 'அடி' என்றது. இரண்டுக்கும் நடுவே ஆங்கில 'லைன்' நிற்கிறது. அந்தச் சொல்லிலிருந்து நம் கவிஞர்கள் எடுத்துக்கொண்டதைவிடப் பேச்சுத்தமிழ் எடுத்துக்கொண்டது அதிகம் என்று படுகிறது.

லத்தீனில் ஆளி நாரால் ஆன நூலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது லைன். நன்னிலத்தில் மயிலாடுதுறை–திருவாரூர் ரயில் லைன் உண்டு. மின்கம்பத்தில் லைன், அதற்கொரு லைன்மேன். டெலிபோனில் 'லைன்ல இருங்க'. கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவர் 'லைனுக்கு'ப் போகிறார். பெண்ணின் பின்னால் சுற்றுகிறவன் லைன் அடிக்கிறான். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாத லைன் அது. எல்லாவற்றிலும் நூலின் குணம் மிஞ்சியிருக்கிறது. இரண்டு முனைகள், நடுவே ஒரு இழுப்பு.

கொடூரமான அர்த்தமும் ஒன்றுண்டு. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை, திருச்சி ஜில்லாக்களிலிருந்தும் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனார்கள். துரைமார்கள் அவர்களை வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் குடிவைத்தார்கள். அந்த லைன், மலையகத் தமிழில் 'லயன்' ஆகி 'லயம்' ஆயிற்று. சங்கீதத்தின் சொல்லும் அந்த அறைகளின் சொல்லும் ஒன்றாகிவிட்டன. தற்செயல்தான். ஆனால் கவிதையின் லயத்தைப் பற்றி லேசாகப் பேசுகிற விமர்சகன் மறக்கக்கூடாத தற்செயல்.

'அடி' காதால் அளந்தது. ஓலைச்சுவடியில் பொதுவாக அடி பிரிப்பதில்லை, எழுத்து இடைவிடாமல் ஓடும். அடி எங்கே முடிகிறதென்று சீரும் தொடையும் சொல்லின. குறளின் இரண்டாம் அடி மூன்று சீரில் நின்றுவிடுவது அச்சின் உதவியில்லாமலே கேட்கும். 'வரி' கண்ணுக்கானது. 1959இல் செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கிய பின் பரவிய புதுக்கவிதை சீரை விட்டது. சரியான காரியம். ஆனால் அடி முடிகிற இடத்தைத் தீர்மானிக்க அது வேறெதை வைத்தது? பிச்சமூர்த்தியின் காதில் மரபின் ஓசை இருந்தது. பின்னால் வந்த பலருக்கு அச்சுத்தாளின் ஓரம் மட்டுமே இருக்கிறது. ஒரு உரைநடை வாக்கியத்தை நான்காக ஒடித்து அடுக்குகிறார்கள். வரிகள் கிடைக்கின்றன. இழுப்பு இல்லை.

டெல்டா வயலில் இதற்கொரு பதில் உண்டு. செம்மை நெல் சாகுபடியில் கயிறு பிடித்து, 22.5 சென்டிமீட்டருக்கு ஒரு குத்தாக நடுகிறார்கள். அழகுக்காக அல்ல. நடுவே களைக்கருவி ஓட வேண்டும், மண் கிளற வேண்டும், பயிர் தூர் கட்ட வேண்டும். வரிசை இருப்பதே இடைவெளிக்காக. கவிதை வரியையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். ஒடித்த இடத்தின் வெறுமையில் என்ன நடக்கிறது? அங்கே அர்த்தம் ஒரு கணம் தயங்கவில்லை, திசை திரும்பவில்லை என்றால் சேர்த்தே எழுதிவிடலாம். தாளாவது மிச்சமாகும்.