விபிஎன் இருக்கிறதே என்ற சமாதானம்

2022 ஏப்ரல் 3ஆம் தேதி இலங்கையில் ஃபேஸ்புக், ட்விட்டர், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஒரே நாளில் முடங்கின. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோள்படி விதிக்கப்பட்ட தடை அது. பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று சலித்த மக்கள், ஊரடங்கை மீறித் தெருவில் திரண்டுவிடக் கூடாது என்பதே நோக்கம். அன்று அமைச்சராக இருந்தவரும் ஜனாதிபதியின் அண்ணன் மகனுமான நாமல் ராஜபக்ச, சமூக ஊடகத் தடையைத் தான் ஏற்கப்போவதில்லை என்று ட்விட்டரில் எழுதினார். தான் பயன்படுத்துவதுபோல விபிஎன் கிடைக்கும்போது இப்படிப்பட்ட தடைகள் முற்றிலும் பயனற்றவை என்பது அவர் சொன்ன காரணம். அந்தப் பதிவு அப்போது கேலிக்கு ஆளாகி மறக்கப்பட்டது. ஆனால் அதிலிருந்த வாதம் அவருடையது மட்டுமல்ல. ஒவ்வொரு தடையின்போதும் கருத்துரிமை ஆர்வலர்களும் தொழில்நுட்பம் அறிந்த இளைஞர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: தடை போட்டால் என்ன, விபிஎன் இருக்கிறதே. தடை விதித்த அரசின் அமைச்சருக்கும் தடைக்கு உள்ளானவருக்கும் ஒரே வாக்கியம் ஆறுதல் தருகிறதென்றால், அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும்.

இந்தக் கருவிகளின் பயனை மறுக்க நான் வரவில்லை. ஒரு பத்திரிகையாளர் தனக்குத் தகவல் தருபவரைக் காக்க டோர் உலாவியும் சிக்னலும் உதவுகின்றன. 2022 செப்டம்பரில் ஈரானில் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் அடைக்கப்பட்டபோது, அங்கு நடந்தவற்றை உலகம் பார்த்ததில் விபிஎன்னுக்குப் பங்கு உண்டு. வழக்கமாகச் சொல்லப்படும் குறைகளும் உண்மையானவையே. விபிஎன் உளவை ஒழிப்பதில்லை. உங்கள் இணையச் சேவை நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும், அவ்வளவுதான். ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஓனாவோ என்ற செயலி, பயனரின் பாதுகாப்புக்கென்று சொல்லி இலவசமாகத் தரப்பட்டது. எந்தப் போட்டிச் செயலியை மக்கள் எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று அது தன் முதலாளிக்குக் கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2018இல் ஆப்பிள் தன் கடையிலிருந்து அதை நீக்கவைத்தது. ஆனால் இவையெல்லாம் நல்ல நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு தீரக்கூடிய குறைகள். என் மறுப்பு, மிகச் சிறந்த விபிஎன்னுக்கும் பொருந்தும் மறுப்பு.

தணிக்கை எல்லோரையும் தடுத்தால்தான் வெற்றி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தணிக்கை செய்பவர் அப்படி நினைப்பதில்லை. அவருக்குப் பெரும்பாலானவர்கள் போதும். விபிஎன்னைத் தேடி, பணம் கட்டி, நிறுவி, அது அறுந்துபோனால் வேறொன்றைத் தேடும் ஆட்கள் எந்தச் சமூகத்திலும் சிலர்தான். அவர்கள் ஏற்கெனவே விஷயம் அறிந்தவர்கள். அரசு கவலைப்படுவது, அடுத்த வீட்டுக்காரர் அனுப்பிய இணைப்பை யோசிக்காமல் தொட்டுப் பார்க்கும் மனிதரைப் பற்றித்தான். அந்த இணைப்பு திறக்கவில்லை என்றால் அவர் அடுத்ததற்குப் போய்விடுவார். யூயூ சென், டேவிட் யாங் என்ற இரு பொருளியலாளர்கள் பெய்ஜிங்கில் சுமார் 1,800 பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. மாணவர்களில் ஒரு பகுதியினருக்குத் தணிக்கையைத் தாண்டும் கருவியை இலவசமாகவே கொடுத்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் அதைத் தொடவே இல்லை. தொட்டவர்களிலும் தடைசெய்யப்பட்ட வெளிநாட்டுச் செய்தித் தளங்களில் நேரம் செலவிட்டவர்கள் மிகக் குறைவு. நாட்டின் சிறந்த பல்கலைக்கழகங்களில் படிக்கும் இளைஞர்கள், கையில் சாவியை வைத்துக்கொண்டு கதவைத் திறக்கவில்லை. அந்தச் செய்திகளைப் படிக்கும்படி சில மாதங்கள் ஊக்குவித்த பிறகுதான் அவர்களிடம் பழக்கம் வந்தது. வந்த பிறகு அது நிலைத்தது. கருவியால் தர முடியாத ஒன்று அங்கே குறைவாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. தேடவேண்டும் என்ற எண்ணமே, தளம் எல்லோர் கண்ணிலும் படும்படி திறந்து கிடக்கும் இடத்தில்தான் முளைக்கிறது. தடை கொல்வது அந்த எண்ணத்தை.

இதற்கு எதிராக ஒரு நல்ல சான்றை வைப்பார்கள். 2014 செப்டம்பரில் ஹாங்காங் போராட்டத்தின்போது சீன அரசு இன்ஸ்டாகிராமை அடைத்தது. ஆத்திரப்பட்ட லட்சக்கணக்கானோர் விபிஎன் நிறுவினார்கள். அதன் வழியே முன்பு பார்த்திராத ட்விட்டர், ஃபேஸ்புக், விக்கிப்பீடியா பக்கங்களுக்கும் போனார்கள். வில்லியம் ஹாப்ஸும் மார்கரெட் ராபர்ட்ஸும் இதை எண்ணிக்கையோடு காட்டியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது, மக்கள் அன்றாடம் பயன்படுத்தி நேசித்த ஒன்றை ஒரே நாளில் பறித்ததன் விளைவு. பழக்கமான பொருளைப் பறித்தால் கோபம் வரும். பழகவே விடாத பொருளுக்காக யார் கோபப்படுவார்? புத்திசாலி அரசு அடுத்த முறை மெதுவாக அடைக்கும், தாமதப்படுத்தும், பக்கம் ஏறும் வேகத்தைக் குறைக்கும், அல்லது பிறப்பதற்கு முன்பே தடுத்துவிடும். ஹாங்காங்கின் உதாரணம் தணிக்கையாளருக்கு ஒரு பாடமாகத்தான் பயன்பட்டிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

ரஷ்யாவையும் சொல்வார்கள். 2018 ஏப்ரலில் டெலிகிராமை அடைக்கப் புறப்பட்ட ரஷ்யக் கண்காணிப்பு அமைப்பு, அமேசான், கூகுள் முகவரிகளை லட்சக்கணக்கில் அடைத்து, சம்பந்தமில்லாத சேவைகளை எல்லாம் முடக்கியது. டெலிகிராம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 2020 ஜூனில் தடையை விலக்கிக்கொண்டார்கள். தொழில்நுட்பம் வென்ற கதை என்று இது இன்றும் சொல்லப்படுகிறது. கதையின் மறுபாதியையும் சொல்லவேண்டும். 2018இன் அந்த அவமானத்துக்குப் பிறகு, தடையை விலக்கும் முன்பே, 2019 நவம்பரில் இறையாண்மை இணையச் சட்டம் என்று ஒன்று நடைமுறைக்கு வந்தது. இணையச் சேவை நிறுவனங்களின் கட்டமைப்புக்குள்ளேயே அரசின் பெட்டிகள் வைக்கப்பட்டன. 2021 மார்ச்சில் ட்விட்டரின் வேகத்தை அவற்றைக் கொண்டே குறைத்தார்கள். 2022 மார்ச்சில் ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் அடைத்தபோது விபிஎன் செயலிகளின் தரவிறக்கம் எகிறியது. 2024இல் விபிஎன் பயன்பாட்டை விளம்பரப்படுத்துவதே தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஆப்பிள் தன் ரஷ்யக் கடையிலிருந்து பல விபிஎன் செயலிகளை நீக்கியது. ஆட்டம் தொழில்நுட்ப ஆட்டமாக நடக்கும்வரை அரசு தோற்றாலும் அடுத்த சுற்றுக்கு வரும். அதற்குப் பணமும் காலமும் சட்டம் இயற்றும் அதிகாரமும் இருக்கின்றன.

துருக்கியில் நடந்தது இன்னும் தெளிவானது. 2014 மார்ச்சில் ட்விட்டர் தடுக்கப்பட்டபோது கூகுளின் டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8ஐ இஸ்தான்புல் சுவர்களில் எழுதிவைத்தார்கள். அந்தப் படம் உலகெங்கும் சுற்றியது; எனக்கும் அது பிடித்த படம். சில நாட்களில் அந்த எண்ணையே அரசு இடைமறித்தது. ட்விட்டர் திரும்பத் திறந்தது ஏப்ரல் 2ஆம் தேதி அரசமைப்பு நீதிமன்றம், அந்தத் தடை கருத்துரிமையை மீறுகிறது என்று சொன்ன பிறகு. 2017 ஏப்ரல் 29இல் விக்கிப்பீடியா முழுவதும் அடைக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அது மூடிக் கிடந்தது. அந்த மூன்று ஆண்டுகளும் துருக்கியில் விபிஎன் இருந்தது, வேண்டியவர் படித்துக்கொண்டார். வீட்டுப்பாடத்துக்காக விக்கிப்பீடியாவைத் தேடிய பள்ளி மாணவன் படிக்கவில்லை. 2019 டிசம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பின் 2020 ஜனவரி 15இல் அந்த மாணவனுக்கும் சேர்த்துத் தளம் திறந்தது. மூன்று ஆண்டுகளில் விபிஎன் சிலருக்குச் செய்ததை, ஒரு தீர்ப்பு ஒரே நாளில் எல்லோருக்கும் செய்தது.

நம் ஊருக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் ஒன்றிய அரசு ஒரு தளத்தைத் தடுக்கலாம். 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, அந்தக் கோரிக்கையையும் புகாரையும் நடவடிக்கையையும் இரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச்சில், இணையப் பேச்சைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவைத் தூக்கியெறிந்த உச்ச நீதிமன்றம் 69ஏவை விட்டுவைத்தது. காரணங்கள் எழுத்தில் பதிவாகின்றன, அதனால் பாதிக்கப்பட்டவர் ரிட் மனுவில் அதைக் கேள்வி கேட்கலாம் என்பது நீதிமன்றத்தின் நம்பிக்கை. ஆணையே கண்ணில் காட்டப்படாதபோது அதை எப்படிக் கேள்வி கேட்பது? இந்திய இணையத் தணிக்கையின் உயிர்நாடி இந்த இரகசியம்தான். அதை உடைக்கப் பெரும் எண்ணிக்கையில் ஆட்கள் தேவை. விபிஎன்னோ, கேட்கக்கூடிய வசதியும் படிப்பும் உள்ளவர்களைத்தான் முதலில் வரிசையிலிருந்து விலக்கிக்கொண்டு போகிறது. அவர்களுக்குத் தளம் திறந்துவிடுகிறது, கோபம் தணிந்துவிடுகிறது. அரசுக்குத் தணிக்கையின் விலை குறைந்துவிடுகிறது. என் நெடுநாள் மறுப்பு இதுதான்.

2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் முடக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். டிரம்ப் முன்னால் பிரதமர் மோடி விலங்கிடப்பட்டு அமர்ந்திருப்பதாக வரையப்பட்ட கேலிச்சித்திரம் காரணம். அப்போது நூற்றாண்டைத் தொடவிருந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையின் முழுத் தளமும் ஒரு படத்துக்காக மறைந்தது. விகடன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மார்ச் 6ஆம் தேதி, அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தின் தடையை விலக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. முழு வெற்றி என்று இதைச் சொல்ல முடியாது, படம் போயிற்று. ஆனாலும் தளம் எல்லோருக்கும் திரும்பி வந்தது மனுவால், வாதத்தால், வெளிப்படையாகப் போட்ட சண்டையால். வாசகர்கள் ஆளுக்கொரு விபிஎன்னை நிறுவிக்கொள்ளட்டும் என்று அந்தப் பத்திரிகை ஒதுங்கியிருந்தால், மறுநாள் சிறுபத்திரிகை ஒன்றை இன்னும் எளிதாக முடக்கியிருக்கலாம்.

காஷ்மீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2019 ஆகஸ்டில் இணைப்பே துண்டிக்கப்பட்டபோது விபிஎன்னுக்கு அங்கு வேலையே இல்லை. 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில், அனுமதிக்கப்பட்ட 301 தளங்கள் மட்டும் திறந்தன. மக்கள் விபிஎன் வழியே மற்றவற்றுக்குப் போனார்கள். பிப்ரவரியில், விபிஎன் மூலம் சமூக ஊடகத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக ஊபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டப் பிரிவுகளையும் சேர்த்து வழக்குப் பதிவானது. சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு விபிஎன் ஒரு மாதச் சந்தா. அங்கே கைப்பேசியில் அந்தச் செயலி இருப்பதே ஒருவரைச் சந்தேக வளையத்துக்குள் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 28இல் ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, பயன்பாட்டு நோக்கம் ஆகியவற்றை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன் முதலிய நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றிக்கொண்டன. நிறுவனங்கள் போய்விட்டன, ஆணை இருக்கிறது.

இன்னொன்று. விபிஎன் வாசிக்க வழிசெய்கிறது. தன் பெயரில் பேச அது பெரிதாக உதவுவதில்லை. ஒரு ஜனநாயகத்தில் பெறுமதி உள்ள பேச்சு பெரும்பாலும் பெயரோடு பேசப்படுவது. நாமல் ராஜபக்சவின் பதிவுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த அதே பாராளுமன்றம் 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 108க்கு 62 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவுக்கு அது கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றித் தன் முகத்தோடும் பெயரோடும் பேசும் தாய்க்கு இந்தச் சட்டத்திலிருந்து எந்த விபிஎன் பாதுகாப்புத் தரும்? தடையைத் தாண்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அரசு தடையைவிட வலுவான ஒன்றைச் செய்துகொண்டது.

நீதிமன்றம் தாமதமாக வரும், அதுவரை மக்கள் இருட்டில் கிடக்க வேண்டுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிடக்க வேண்டாம், விபிஎன்னைப் பயன்படுத்துங்கள். பெய்ஜிங்கிலும் தெஹ்ரானிலும் வேறு வழி இல்லை. கொழும்பிலும் டெல்லியிலும் வேறு வழி இருக்கிறது, பழுதுபட்டதாக இருந்தாலும். 2020 ஜனவரி 10இல் அனுராதா பாசின் வழக்கில், இணைய முடக்க ஆணைகளை வெளியிட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பல மாநிலங்கள் மதிக்கவில்லை என்பதும் தெரியும். மதிக்க வைப்பதற்கு இன்னும் மனுக்களும் இன்னும் சத்தமும் வேண்டும். 2022 ஏப்ரல் 3இல் இலங்கையில் தடை ஒரு நாள்கூட நிற்கவில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழு, பாதுகாப்பு அமைச்சுக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டது; மக்கள் தெருவில் நின்றார்கள்; மாலைக்குள் தளங்கள் திறந்தன.

அடுத்த முறை ஒரு தமிழ்த் தளம் காரணம் சொல்லாமல் மறைந்தால், விபிஎன்னை இயக்கி அதைப் படியுங்கள். படித்த பிறகு, அந்தத் தடை ஆணையின் நகலைக் கேட்டு அமைச்சகத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். இரகசியம் என்று மறுத்துப் பதில் வரும். அந்தப் பதிலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.