வீழ்ந்தவர்க்கு வரும் துணை: ‘நியர் ஆட்டோமேட்டா’ என்னும் கணினி விளையாட்டும் கிருபையைப் பற்றிய போதனையும்

கணினி விளையாட்டுகளைக் குறித்து நம் பிரசங்க பீடங்களிலிருந்து கூறப்படுபவை பெரும்பாலும் எச்சரிக்கைகளே. எச்சரிப்போருள் ஒரு விளையாட்டையேனும் முற்றிலும் ஆடிப் பார்த்தவர் மிகச் சிலர். நானும் அண்மைக்காலம் வரை ஆடாமலே கண்டித்தவன். இராஜபாளையத்தில் நடந்த வாலிபர் கூடுகை ஒன்றில் அவ்வாறு கண்டித்துப் பேசிய அன்று, கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, “கிருபை என்பது எனக்கு ஒரு விளையாட்டில்தான் விளங்கிற்று, ஐயா, தாங்களும் ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றார். அச்சொல் என்னை உறுத்திற்று. அவர் குறிப்பிட்ட ‘நியர் ஆட்டோமேட்டா’வை அவருடைய வீட்டுக் கணினியிலேயே விடுமுறை நாட்களில் ஆடி முடித்தேன். அதனை ஓர் இறையியற் கூற்றாக மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையும் களமும்

2017ஆம் ஆண்டில் வெளியான இவ்விளையாட்டை இயக்கியவர் யோகோ டாரோ. ஜப்பானின் பிளாட்டினம் கேம்ஸ் நிறுவனம் உருவாக்க, ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. கதை கி.பி. 11945இல் நிகழ்கிறது. வேற்றுலகத்தார் ஏவிய இயந்திரங்கள் பூமியைக் கைப்பற்றியதால் மனிதர் சந்திரனில் அடைக்கலம் புகுந்துள்ளனர் என்றும், அவர்களுக்காகப் பூமியை மீட்க மனித உருவில் ஆக்கப்பட்ட ஆண்ட்ராய்டுகள் போரிடுகின்றனர் என்றும் முதலில் கூறப்படுகிறது. ஆனால் சந்திரனில் மனிதர் எவருமில்லை. மனித குலம் முன்னரே அழிந்துவிட்டது. போரிடுவோர்க்கு ஒரு நோக்கம் வேண்டும் என்பதற்காகவே அப்பொய் காக்கப்படுகிறது. இறந்துபோன தெய்வத்துக்கு இடைவிடாது ஊழியம் செய்யும் சபையை ஒத்தது அவர்கள் நிலை.

பகைவராகிய இயந்திரங்களுள் சிலவற்றுக்கு மெய்யியலாரின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. கைவிடப்பட்ட ஆலை ஒன்றில் அவை ஒரு மதத்தையே நிறுவியிருக்கின்றன. இறப்பதே தேவராவதற்கு வழியென்று முழங்கித் தம்மை மாய்த்துக்கொள்கின்றன. கியர்க்ககார்ட் என்னும் அவற்றின் தலைவரைக் காணச் செல்வோர் காண்பது ஓர் உயிரற்ற உடலையே. ஆதியாகமம் 3:5இன் சோதனை இங்கு மீண்டும் ஒலிக்கிறது. இதனை மத ஏளனம் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் 1978இல் ஜோன்ஸ்டவுனில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு போதகரின் சொற்கேட்டு மாண்டதை அறிந்த நாம் அவ்வாறு தள்ளிவிட இயலாது.

போரின் கடுமை

இவ்விளையாட்டில் வாளால் வெட்டலாம். உடன் மிதந்துவரும் கருவியால் சுடலாம். பகைவரின் தாக்குதலிலிருந்து கணநேரத்தில் விலகவும் தெரிந்திருக்க வேண்டும். தொடக்கப் பகுதியில் ஆட்டத்தைப் பதிந்து வைக்க வழியில்லை. வீழ்ந்தால் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். நான் பலமுறை வீழ்ந்தேன். கடுமையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று இளைஞர் கூறினார். எளிய நிலையில் சில சில்லுகளைப் பொருத்திக்கொண்டால் விலகுதலையும் தாக்குதலையும் விளையாட்டே நமக்காகச் செய்துவிடும். நான் மறுத்துவிட்டேன். அவ்வுதவியை ஏற்பது இழுக்கென்று தோன்றிற்று. கிரியையினால் அல்ல, கிருபையினாலே என்று கால் நூற்றாண்டாகப் பிரசங்கித்தவனுடைய உள்ளம் எதில் நம்பிக்கை வைத்திருந்தது என்பதை அந்த மறுப்பு எனக்குக் காட்டிற்று.

தொடக்கப் பகுதியைக் கடந்த பின்னர் வீழ்ந்தால், நம் உடல் வீழ்ந்த இடத்திலேயே கிடக்கும். புதிய உடலோடு சென்று அதிலுள்ளவற்றை மீட்டுக்கொள்ள வேண்டும். இணையத்தின் வழியே, முன்பின் அறியாத பிற ஆட்டக்காரர் வீழ்ந்த உடல்களும் ஆங்காங்கே தென்படுகின்றன. அவ்வுடல்களுள் ஒன்றைச் செப்பனிட்டால் அது எழுந்து நமக்குத் துணையாகப் போரிடும். வீழ்ச்சியும் பிறர்க்கு உதவக்கூடும் என்னும் இக்கருத்தே விளையாட்டின் முடிவில் முழுமை பெறுகிறது.

இறுதிப் போராட்டம்

கதை முடிந்து, உருவாக்கியோரின் பெயர்கள் திரையில் ஓடத் தொடங்குகின்றன. அப்பெயர்களே பகைவராகி நம்மைச் சுடுகின்றன. நம்மிடம் இருப்பது ஒரு சிறு கலம் மட்டுமே. குண்டுகள் மழையெனப் பொழிகின்றன. தனியே வெல்வது ஏறத்தாழ இயலாத செயல். வீழுந்தோறும், தோல்வியை ஒப்புக்கொள்கிறாயா, இவையெல்லாம் வீண்தானா என்னும் பொருள்பட வினாக்கள் எழுகின்றன. பின்னர்ப் பல நாட்டு ஆட்டக்காரர் எழுதிவைத்த ஊக்கச் சொற்கள் தோன்றுகின்றன. அதன்பின், உதவியை ஏற்கிறாயா என்ற கேள்வி வருகிறது.

ஏற்றால் வேறு கலங்கள் வந்து நம்மைச் சூழ்கின்றன; தனிக் குரலாயிருந்த பாடல் பல குரல்களாகப் பெருகுகிறது. நம்மீது பாயவேண்டிய குண்டுகளை அக்கலங்கள் தாங்குகின்றன. ஒவ்வொன்று அழியும்போதும், இன்னாருடைய பதிவுகள் அழிந்தன என்று ஒரு வரி தோன்றுகிறது. அதன் பொருள் போராட்டத்தை வென்ற பிறகே விளங்குகிறது. முன்பின் அறியாத ஒருவருக்கு உதவ, நீ இதுவரை ஆடிச் சேர்த்த பதிவுகள் யாவையும் இழக்கச் சம்மதமா என்று நாமும் கேட்கப்படுகிறோம். உதவி பெறுபவர் நீ வெறுக்கும் ஒருவராகவும் இருக்கலாம், நன்றியும் கிடைக்காமற் போகலாம் என்றும் எச்சரிக்கப்படுகிறோம். நமக்குத் துணைவந்தோர் அனைவரும் இதற்குச் சம்மதித்தவர்களே. நாம் கேட்பதற்கு முன்னரே அவர்கள் இழந்திருந்தனர். ரோமர் 5:8ஐ வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கலங்கள் இப்போது என் நினைவுக்கு வருகின்றன.

குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

இராஜபாளையத்தை அடுத்த திருவில்லிபுத்தூர் ஆண்டாள் பிறந்த ஊர். முயற்சியும் அருளும் எவ்வாறு இயைகின்றன என்னும் வினா வைணவர்க்குப் புதிதன்று. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலையார்க்கும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைத் தென்கலையார்க்கும் உவமையாகக் கூறுவது வழக்கம். ருடால்ப் ஓட்டோ இந்தியாவின் கிருபை மார்க்கத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு எழுதிய நூல் 1930இல் வெளிவந்தது. அவ்வொப்பீட்டை நம் மாணவர் வகுப்பறையில் பயில்கின்றனர்.

இவ்விளையாட்டு அவ்விரு உவமைகளையும் வரிசைப்படுத்துகிறது எனலாம். குரங்குக் குட்டியாகத் தொடங்குகிறோம். பிடி தளர்ந்த பின்னரே பூனைக் குட்டியாகிறோம். போரின் கடுமை வெறும் அலங்காரமன்று. அது இல்லையெனில் அருள் வெறும் சலுகையாகிவிடும். அன்றியும், பெறுபவருக்கு விலையின்றி வருவது கொடுத்தவருக்கு விலையுடையது என்பதை அழியும் ஒவ்வொரு பெயரும் அறிவிக்கிறது. 1937இல் போன்ஹெஃபர் மலிவான கிருபை என்று கண்டித்ததற்கு இது நேர்மாறானது.

குறைகள்

ஆயினும் இதனைச் சுவிசேஷம் எனல் பொருந்தாது. முதலாவது, இங்கு இழக்கப்படுவது பல மணிநேர உழைப்பேயன்றி உயிரன்று. விரும்பினால் மீண்டும் முதலிலிருந்து ஆடலாம். இரண்டாவது, கொடுத்தவரும் பெற்றவரும் என்றும் சந்திப்பதில்லை. கிறிஸ்துவின் கிருபையோ அந்நியரை ஒரே பந்தியில் அமர்த்துகிறது. மூன்றாவது, பகைவரோடு ஒப்புரவு இல்லை. இயந்திரங்களுக்கும் துயரும் பாசமும் உண்டென்று காட்டியபின்னும் அவற்றை வெட்டி வீழ்த்தியே முன்னேறுகிறோம். குற்ற உணர்வை எழுப்பும் விளையாட்டு மன்னிப்புக்கு வழி காட்டவில்லை. அன்றியும் இது அமெரிக்காவில் பதினேழு வயது நிறைந்தோர்க்கே உரியதெனத் தரம்பிரிக்கப்பட்டுள்ளது. வன்முறை மிக்கது, பெண்ணுருவைக் காட்டும் விதமும் கண்டனத்துக்குரியது. சிறுவரிடம் இதனைக் கொடுத்தல் தகாது.

இறுதியாக, போதகர்கள் மறக்கலாகாத பகுதி ஒன்று உண்டு. பாஸ்கல் என்னும் இயந்திரம் போரை வெறுத்து ஒரு சிற்றூரை அமைத்துக் குழந்தை இயந்திரங்களைப் பேணி வளர்க்கிறது. ஆபத்திலிருந்து விலகியிருக்கும்படி அவற்றுக்கு அச்சத்தைக் கற்பிக்கிறது. பகைவர் வந்து சூழ்ந்தபோது, அக்குழந்தைகள் அச்சம் தாங்காமல் தம்மையே மாய்த்துக்கொள்கின்றன. நல்ல நோக்கத்தோடு அச்சத்தை மட்டும் கற்பித்த ஆசிரியனின் துயரத்தைக் கண்டபோது, வாலிபர் கூடுகையில் நான் ஆற்றிய உரை என் செவியில் ஒலித்தது. 1 யோவான் 4:18 போதகருக்கும் எழுதப்பட்டதே.

அவ்விளைஞர் தம் பதிவுகளை எவருக்கோ கொடுத்துவிட்டார். நானும் கொடுத்தேன்; சற்றுத் தயங்கியே கொடுத்தேன் என்பதையும் சொல்லவேண்டும். அவருக்கு நான் கூறிய விடை இதுவே: விளையாட்டு அவருக்குக் காட்டியது மெய்யின் நிழல், அந்நிழலை அவர் சரியாகவே கண்டுகொண்டார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் முகமுகமாய்க் காணும் பந்தியைச் சபையில் அவருக்குக் காட்டும் கடமை நம்முடையது. அதனைச் செய்யாமல் கண்டிக்க மட்டும் எழும்புவோமாயின், கிருபையை அவர் அறியாத கலங்களிடமிருந்தே தொடர்ந்து கற்றுக்கொள்வார்.