யாரை அழைக்கிறது இந்தத் தமிழ்?

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வாருங்கள் என்று முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் தமிழில் வெளியாகும் அறிவிப்புக்களை எடுத்து வைத்துக்கொண்டு விமரிசனம் செய்வது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சிறுகதையின் நடை பிழைத்தால் நட்டமாவது வாசகனின் ஒரு மாலைப்பொழுது. இவ்வறிவிப்பின் நடை பிழைத்தாலோ, ஒருவன் தன் இரத்தத்தில் இருப்பதை அறியாமலே ஆண்டுகளைக் கழித்துவிடுகிறான். ஆகவே இதனையும் எழுத்தென்றே கொண்டு நோக்குகின்றோம்.

இலங்கையர் ஒருவரிடம் இத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987இல். 2022 முதல் ஆண்டுதோறும் 600க்கு மேற்பட்டோரிடம் புதிதாகக் கண்டறியப்பட்டு வருகிறது. அவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை இந்நாடு ஒழித்துவிட்டது என 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தத்தைக் கிளினிக்கிலேயே பரிசோதிக்கும் ஒழுங்கு தந்த வெற்றி அது. மல்லாவியிலும் கர்ப்பிணியின் இரத்தம் பரிசோதனைக்குப் போகிறது. அவளை மோட்டார்சைக்கிளில் ஏற்றிவந்து மரநிழலில் காத்திருக்கும் கணவனுக்கு அப்படியொரு நியதி இல்லை. அவனைத் தேடித்தான் இந்தச் சமூக ஊடகப் பிரசாரம் புறப்படுகிறது. ஆனால் அவனுடன் அது பேசத் தெரிந்து பேசுகிறதா?

வன்னியின் உழைப்பாளிக்கு இச்சோதனை முற்றிலும் புதியதன்று. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவோர் பயணத்துக்கு முன் உட்படவேண்டிய மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி.யும் அடக்கம், தொற்று இருந்தால் பயணம் நின்றுவிடும். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவது போன்றது இது. கடன்பட்டு முகவருக்குப் பணம் கட்டியவனுக்குச் சோதனை என்பது சிகிச்சையின் வாசலன்று, பிழைப்பை மறிக்கும் படலை. இந்த அனுபவத்தை அறியாதவர்கள் எழுதிய ‘முன்வாருங்கள்’ என்ற சொல் அவன் செவியில் எப்படி விழும்?

போதாக்குறைக்கு ‘உயிர்கொல்லி நோய்’ என்ற அடைமொழி வேறு. 1996ஐ ஒட்டிக் கூட்டு மருந்துச் சிகிச்சை நிலைபெறுவதற்கு முந்திய காலத்துச் சொல் அது. இன்று நாள்தோறும் மருந்து உட்கொள்பவர் ஏனையோரைப் போல நெடுநாள் வாழலாம். கிருமியின் அளவு சோதனைக்குத் தென்படாதவாறு குறைந்து நிலைத்துவிட்டால், உடலுறவின் மூலம் அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை. அம்மருந்தை அரச சிகிச்சை நிலையங்கள் இலவசமாகத் தருகின்றன. இவ்வளவையும் விட்டுவிட்டு மண்டையோட்டுப் படம் போடுபவர், சாவை அறிந்துகொள்ள வாருங்கள் என்றல்லவா அழைக்கிறார்! யார் போவார்?

தமிழ்நாட்டில் 2000களின் தொடக்கத்தில் எழுந்த ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற சுவர் விளம்பரத்தை நம்மவரும் அறிவர். வாய்விட்டுச் சொல்லாத சொல்லைத் தேநீர்க் கடைக்குக் கொண்டுவந்த பெருமை அதற்கு உண்டு. ஆயின் அந்தப் பெயரே கேலிப்பெயராயிற்று. பரிசோதனைக்குப் போகிறவன் புள்ளிராஜா ஆகிவிடுவான் என்றால், போகாதிருப்பதே கௌரவம் என்றாகாதா?

இனி ஊடகத்தின் வல்லமைக்கு வருவோம். பெரு நாட்டின் லிமாப் பகுதியில், ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்கள் 556 பேரிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று 2015இல் வெளியாயிற்று. இரு சாராருக்கும் முகநூற் குழுக்கள் இருந்தன. ஒரு சாராருக்குப் பரிசோதனை பற்றிய தகவல் மட்டும். மறு சாராரிடம் அவர்களைப் போன்ற, பயிற்சி பெற்ற தோழர்கள் உரையாடினர். தகவல் மட்டும் பெற்றோரில் பரிசோதனை செய்துகொண்டோர் 7 சதவீதம். உரையாடப்பட்டோரில் 17 சதவீதம். ஊடகம் ஒன்றே, வேறுபாடு, பதில் சொல்ல ஒரு மனிதன் இருந்தானா என்பதில்தான். அந்தப் 17 சதவீதமும் பெரிதன்று என்பதை விளம்பரப் பிரியர்கள் கவனிக்கட்டும்.

மல்லாவிக்கு இதை அப்படியே பெயர்த்து நட முடியாது. மாமன், மச்சான், படிப்பித்த ஆசிரியர், கடன் கொடுத்தவர் அத்தனை பேரும் ஒரே முகநூல் வட்டத்தில் இருக்கும் ஊரில், இத்தகைய பதிவொன்றுக்கு விருப்பக்குறி இடுவதே வாக்குமூலம் ஆகிவிடும். ஆண்களிடையேயான உறவைக் குற்றமாக்கும் 365, 365அ என்ற பிரிவுகளைக் கொண்ட தண்டனைச் சட்டக்கோவை காலனி ஆட்சி நமக்கு விட்டுப்போன சொத்து. அது தலைக்குமேல் தொங்கும்போது ‘தயக்கம் வேண்டாம்’ என்று எழுதுவது யாருக்கு எளிது? எழுதுபவருக்கு மட்டுமே.

வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய சுயபரிசோதனைக் கருவி ஒருவகையில் இதற்கு மாற்று. ஆனால் தொற்றைக் குறிக்கும் இரண்டாவது கோடு தெரிந்த இரவில் அவன் யாருடன் பேசுவான்? அம்முடிவைச் சிகிச்சை நிலையத்தில் உறுதிசெய்ய வேண்டும். கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ பஸ்ஸிற் போய்வந்தால் அன்றைய கூலி போயிற்று.

ஆகவே அறிவிப்பு எழுதுவோரிடம் நாம் அணியிலக்கணம் கேட்கவில்லை. அங்கே பெயர் கேட்பார்களா? அடையாள அட்டை வேண்டுமா? எந்த நாளில் திறந்திருக்கும்? முடிவை யாரிடம் சொல்வார்கள்? தொற்று நேர்ந்த புதிதில், மூன்று மாதம் வரையிற்கூட, சோதனை அதைக் காட்டாமற் போகக்கூடும் என்பதை ‘இன்றே வாருங்கள்’ என்ற கூவலுக்குள் ஏன் மறைத்தீர்கள்? மரநிழலில் நிற்பவன் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. அவன் தனிச்செய்தியாக இவற்றை இரவு பத்து மணிக்கு அனுப்பினால், வன்னிப் பேச்சில் பதில் எழுத ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். படம் வரைபவருக்குக் கொடுக்கும் பணத்தில் அது முடியும்.