ஊரில் உடுத்திய ரேந்தை, கப்பலேறிய லேஸ்

தென்னிலங்கையின் வெலிகமையில் ரேந்தை என்ற லேஸைப் பின்னும் பெண்ணுக்கு முன்னால் ஒரு மரச்சட்டம் இருக்கும். சட்டத்தின் நடுவே சுழலக்கூடிய உருளைத் திண்டு. திண்டின் மேல் துளையிட்ட காகித அச்சு, துளைகளில் வரிசையாகக் குண்டூசிகள். ஊசிகளைச் சுற்றித் தொங்கும் ஒவ்வொரு நூலின் முனையிலும் விரலளவு மரக்கட்டை ஒன்று. இந்தக் கட்டைதான் பீரலு. வேலைக்கும் அதே பெயர். ஒடுக்கமான ஓரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஜோடி போதும், அகலமான வேலைக்கு நூறு கட்டைக்கு மேல் போகும். கை செய்வதோ இரண்டே அசைவு. இரண்டு ஜோடியை எடுத்து, நடுவில் உள்ள இரண்டு கட்டைகளில் இடதை வலதின் மேல் போடுவது ஒன்று. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேல் போட்டு முறுக்குவது மற்றொன்று. பூ, இலை, வலை, விளிம்பு எல்லாம் இந்த இரண்டிலிருந்து பிறப்பவை. எந்த ஜோடியை எத்தனை முறை மாற்றுவது, எங்கே ஊசி குத்துவது என்பதில்தான் வித்தை இருக்கிறது.

திண்டு உருளையாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. பின்னப் பின்னச் சுழற்றிக்கொண்டே போகலாம். அச்சு உருளையைச் சுற்றி வந்து தன் தொடக்கத்தோடு சேர்ந்துவிடுவதால் வேலையை எங்கும் அறுக்க வேண்டியதில்லை. தென்னிலங்கை ரேந்தை யார்க்கணக்கில், அதாவது கஜக்கணக்கில், விற்பனைக்கு வருவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சட்டத்தை மடியில் போட்டுக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. அடுப்படியில் வைத்தால் புகை வெள்ளை நூலில் ஏறும். வெளிச்சம் வேண்டும், காலை நீட்ட இடம் வேண்டும். ஆகவே வேலை திண்ணைக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் தன் திண்டோடு வந்தாள். கட்டைகளை ஜோடி பிரித்துக் கொடுப்பதில் தொடங்கி, சிறுமிகள் பார்த்தே பழகினார்கள். சிக்கல் விழுந்தால் பின்னுகிறவளுக்கு முன்பே பக்கத்தில் இருப்பவள் கண்ணில் படும்.

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். ஒல்லாந்தர் 1640இல் தென்கரையின் காலியைப் பிடித்தார்கள். ரேந்தை முதலாமவரோடு வந்து, இரண்டாமவரின் வீடுகளிலும் பறங்கியர் குடும்பங்களிலும் நிலைத்து, அங்கிருந்து கரையோரச் சிங்களப் பெண்களின் கைக்குப் போனது. போன இடத்தில் அது உள்ளூர்ப் பொருளாகிவிட்டது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. கழுத்திலும் கையின் நுனியிலும் ரேந்தை வைத்த வெள்ளைச் சட்டையை அவர்கள் கபகுருத்து என்றார்கள். இடுப்பில் கட்டும் கம்பாயத்தோடு அதை உடுத்துவது தென்கரைப் பெண்ணின் அடையாளமாகவே ஆனது. தான் பின்னியதைத் தான் உடுத்தினாள். மகளின் கல்யாணத்துக்கு அகலமாக ஒன்று பின்னி வைத்தாள். எந்த ஓரம் எந்தச் சட்டைக்குப் பொருந்தும் என்பதில் ஊருக்கு ஊர் ரசனை வளர்ந்தது. வாங்குகிறவள் பக்கத்துத் தெருக்காரியாக இருக்கும்போது, இந்தப் பூ நன்றாயில்லை என்று அவள் நேரிலேயே சொல்வாள். அச்சில் ஒரு ஜோடி கூடும், ஒரு இலை குறையும்.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கதை வேறு விதமாகத் தொடங்கியது.

சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியர் லண்டன் மிஷன் சார்பில் 1819இல், அன்று திருவிதாங்கூரில் இருந்த நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அங்கே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் பாடத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். நூலும் அச்சும் மிஷன் கொடுக்கும். முடிந்த வேலை மிஷனுக்கே திரும்பும். அது இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கும் இங்கிலாந்துக்கும் விலை போகும். வருமானத்தில் பள்ளி நடந்தது. அந்தச் சிறுமிகளில் அடிமைக் குடும்பங்களில் பிறந்தவர்களும் இருந்தார்கள். லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கட்டி அவர்களில் சிலர் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு ஒரு தலைமுறை முன்பே, குண்டூசிகளுக்கு நடுவே நூலை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு பெண் தன் விலையைத் தானே கொடுத்துவிட்டாள் என்பதைப் படிக்கும்போது, கைவேலையைப் பொழுதுபோக்கு என்று சொல்ல நாக்கு கூசும்.

அதே ஆண்டுகளில், அதே ஊர்களில், தோள்சீலைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மார்பை மறைத்து உடுத்தியதற்காக நாடார் முதலிய சாதிப் பெண்களின் துணி சந்தையிலும் சாலையிலும் கிழிக்கப்பட்டது. 1822இல் தொடங்கிய கலவரங்கள் அடங்கி அடங்கி மூண்டன. குப்பாயம் என்ற சட்டை போடலாம், மேல்சீலை கூடாது என்று 1829இல் ஓர் அரச உத்தரவு வந்தது. 1859 ஜூலையில் வந்த அறிவிப்புதான் நாடார் பெண்களுக்கு மேலாடையை அனுமதித்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. வெள்ளைக்காரியின் சட்டைக் கைக்கு மெல்லிய பூவேலை பின்னிய விரல்களுக்கு, தன் உடம்பில் ஒரு முழத் துணியைச் சுற்றிக்கொள்ள அனுமதி தேவைப்பட்டது. அந்த லேஸ் அவர்கள் உடையில் ஏறாததற்கு வறுமை மட்டும் காரணமல்ல. காலியில் ரேந்தை ஊருக்குள் இறங்கியது; நாகர்கோவிலில் அது இறங்குவதற்கு ஊர் வழிவிடவில்லை.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவரின் வீட்டில் இன்னொரு பெரிய வேலையும் நடந்தது. எலைசா அந்தத் தேரிக்காட்டு ஊரில் பெண்பிள்ளைகளைக் கூட்டி, தாயிடம் கற்ற லேஸைக் கற்றுக்கொடுத்தார். தமிழ் நன்றாகத் தெரிந்தவர் என்பதால் அந்த வகுப்பு தமிழிலேயே நடந்திருக்கும். கால்டுவெல்லைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் இதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு, இது சரியல்ல.

1897 நவம்பரில் பெல்ஜியத்திலிருந்து மேரி லூயிஸ் தெ மீஸ்டர் என்ற கன்னியாஸ்திரி இன்னொரு சகோதரியோடு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முளகுமூட்டுக்கு வந்தார். லேஸுக்குப் பெயர்போன பிளாண்டர்ஸ் பகுதியின் கைப்பழக்கம் அவர்களோடு வந்தது. ஆதரவற்ற சிறுமிகளுக்கும் விதவைகளுக்கும் பின்னலும் எம்பிராய்டரியும் கற்றுத்தந்தார்கள். திண்ணைக்குப் பதிலாக இங்கே பெரிய கூடம்: வரிசையாகப் பெண்கள், மேற்பார்வைக்கு ஒரு சகோதரி, கன்னியாஸ்திரி மடத்துக்குரிய ஒழுங்கு. பீடத்துணி, மேசை விரிப்பு, குழந்தை உடுப்பு என்று வேலை போனது. மாதிரி மேலிருந்து வரும். கை அதை அப்படியே செய்து கொடுக்கும். இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டாம். ஒரே கூடத்தில் கற்றதால் வேலையின் தரம் ஊர் முழுவதும் ஒன்றாக இருந்தது. வீட்டில் அடைபட்டிருக்க வேண்டிய விதவைக்குக் காலையில் புறப்பட்டுப் போக ஓரிடமும், பேச நாலு பேரும் கிடைத்தார்கள்.

இந்தக் கூடமும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திராவின் நரசாபூர் சாட்சி. கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள அந்த ஊரில் 1844 வாக்கில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மக்ரே தம்பதியர் லேஸைத் தொடங்கிவைத்தார்கள். அங்கே நிலைத்தது குரோஷா. ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல் உருண்டை. எங்கும் எடுத்துப் போகலாம், சோறு வடிக்க எழுந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்து தொடரலாம். இவ்வளவு வசதியான கருவி பெண்களுக்கு நன்மையாகத்தானே முடிந்திருக்க வேண்டும்? ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் 1970களின் கடைசியில் அங்கே தங்கிப் பார்த்து, 1982இல் நூலாக எழுதியது நேர்மாறானது. லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் பின்னினார்கள். ஆனால் கணக்கில் அவர்கள் தொழிலாளிகள் அல்லர், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னும் இல்லத்தரசிகள். கோஷா முறைப்படி வீட்டுக்குள் இருந்த காப்புச் சாதிப் பெண்களுக்கு வாசல் தாண்டாமல் செய்யக்கூடிய வேலை என்பதே லேஸின் பெருமையாகச் சொல்லப்பட்டது. வீட்டுவேலை போக நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னியும், வயல் கூலிக்குக் குறைவாகவே கிடைத்தது.

வேலையைப் பிரித்த விதம் இன்னும் கவலைக்குரியது. ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள். பூக்களை இணைப்பது அத்துகுபணி என்று வேறொருத்திக்குப் போகும். நூல் கொடுத்து வேலை வாங்கும் முகவர், அவருக்கு மேல் வியாபாரி, அவருக்கு மேல் ஏற்றுமதிக்காரர். ஆயிரம் பூ பின்னியவள் முழு விரிப்பு எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கவே மாட்டாள். கற்பனைக்கு அங்கே கதவு இல்லை. அடுத்த வீட்டுக்காரிக்கு என்ன கூலி என்று கேட்டுக்கொள்ளக்கூட, இரண்டு பேரும் ஓரிடத்தில் உட்கார வேண்டும்; அதற்கு அங்கே கூடம் இல்லை.

இலங்கைப் பக்கம் எல்லாம் தேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்தது ரேந்தை ஊர்கள் இருந்த அதே கரையைத்தான். திண்டும் கட்டையும் மறுபடி செய்துகொள்ளலாம். பாட்டி காலத்து அச்சுத் தாள்கள் போனால் போனதுதான். அதற்கு முன்பே, காலிக்கும் வெலிகமைக்கும் நடுவில் உள்ள கொக்கல ஏற்றுமதி வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகள் இளம்பெண்களை இழுத்துக்கொண்டன. மாதச் சம்பளத்துக்கு முன்னால் யார்க்கணக்கு எடுபடவில்லை. சுற்றுலாப் பயணிகளை நம்பிய விற்பனையை 2019 ஈஸ்டர் குண்டுகளும், பெருந்தொற்றும், 2022 பொருளாதார நெருக்கடியும் அடுத்தடுத்து முறித்தன. ஆனாலும் வெலிகமையில் சிறு நிலையங்களில் பெண்கள் சேர்ந்து பின்னுகிறார்கள். வரும் வெளிநாட்டார் அரை நாள் உட்கார்ந்து இரண்டு அசைவுகளையும் பழகிப் பார்க்கிறார்கள். சேலைச் சட்டைக்கு ரேந்தை வைப்பது கொழும்பில் நின்றுபோகவில்லை.

நரசாபூர் குரோஷா லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்திர லேஸை அந்த ஊர்ப் பெயரில் விற்பவர்களைத் தடுக்க அது உதவும். பூ பின்னுபவளுக்கும் இணைப்பவளுக்கும் கூலி எவ்வளவு என்பதை அந்தக் குறியீடு தீர்மானிக்காது. அதற்குப் பெண்கள் கூட்டாக விலை பேச வேண்டும்; கூட்டாகப் பேச, முதலில் ஓரிடத்தில் கூட வேண்டும்.

அமெரிக்காவில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்கள், சில நாள் வீட்டை விட்டு ஓரிடத்தில் தங்கிச் சேர்ந்து தைக்கவென்றே முகாம் போடுகிறார்கள். ஒருத்தி சிக்கிக்கொண்ட இடத்தில் இன்னொருத்தியின் கண் வழி காட்டுகிறது, பழைய மாதிரி புதிய நிறத்தில் வருகிறது. அப்படி ஒரு முகாம் இங்கே வேண்டும். வெலிகமை, முளகுமூடு, நரசாபூர் மூன்றிலிருந்தும் பின்னுகிறவர்கள் மட்டும் வரட்டும், வியாபாரி வேண்டாம். உருளைத் திண்டில் அறுபடாமல் ஓடும் விளிம்பை இலங்கைப் பெண் காட்டலாம். மடத்துக் கூடத்தில் பழகிய நுணுக்கத்தை முளகுமூட்டுக்காரி காட்டலாம். நரசாபூர்க்காரி தான் பின்னிய பூக்களைத் தானே இணைத்து, முழு விரிப்பாக மேசையில் விரித்துப் பார்க்கட்டும். தொலைந்துபோன காலிக் கரை அச்சுகளில் எதையாவது பழைய கபகுருத்துச் சட்டையிலிருந்து எண்ணியெடுத்துக் காகிதத்தில் மறுபடி குத்துவதை முதல் நாள் வேலையாக வைக்கலாம். செலவு பெரிதல்ல: ஒரு கூடம், நல்ல வெளிச்சம், நூல், பேச்சை மாற்றிச் சொல்ல சிங்களமும் தமிழும் தெலுங்கும் தெரிந்த ஓரிருவர், வந்தவர்களுக்கு விட்டுப்போன நாட்களின் கூலி.