பித்தனின் தூண்டில்: யப்பானியச் சித்திரக்கதை ஒன்று பற்றிய நோக்கு

தமிழிலக்கியத்தில் மீன்பிடித்தல் பெரும்பாலும் தொழிலாகவே இடம்பெற்று வந்துள்ளது. நெய்தற்றிணையிற் பரதவர் வலை வீசுவது உயிர்வாழ்தற்பொருட்டு. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நாவலிலே குரூஸ் மிக்கேல் தன் வல்லத்தை விற்க மறுப்பதும் அது அவனது வாழ்வாகவே இருப்பதனாலாம். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் குருக்கள்மடத்தில், விடியுமுன் வாவியிலே தோணி தள்ளும் ஒருவரிடம் 'அன்றாட வாழ்விலிருந்து தப்பிச் செல்கின்றீரோ?' என வினவினால் அவர் நகைப்பார். அவருடைய அன்றாட வாழ்வே அதுதான். ஆகவே, அலுவலகத்திலிருந்து தப்பித் தூண்டிலை நாடியோடும் நடுவயதினரின் கதை இங்குள்ள வாசகனுக்கு முதலில் விந்தையாகவே தோன்றும்.

'த்சுரிபாக்கா நிஷ்ஷி' அத்தகையதொரு கதை. 'மீன்பிடிப் பித்தனின் நாட்குறிப்பு' என அதன் பெயரைத் தமிழாக்கலாம். யமசாக்கி ஜூசோ கதையெழுத, கித்தாமி கென்இச்சி சித்திரம் வரைய, 1979 இல் 'பிக் கொமிக் ஒரிஜினல்' என்னும் வளர்ந்தோர்க்கான இதழில் இது தொடங்கிற்று. 1973 இல் தொடங்கிய யகுச்சி தக்காவோவின் 'த்சுரிக்கிச்சி சம்பெய்' என்னும் சித்திரக்கதையிலும் மீன்பிடித்தலே பொருள்; எனினும் அது சிறுவனொருவனின் வீரதீரக் கதை. இங்கோ நாயகன் ஹமசாக்கி தென்சுக்கே, கட்டட நிறுவனமொன்றின் விற்பனைப் பிரிவிலே காலந்தள்ளும் சாதாரண ஊழியன். பதவி உயர்வில் நாட்டமற்றவன். மனைவியிலும் மீனிலும் மட்டும் மாறாப் பற்றுடையவன். அவனோடு தூண்டிலிடப் பழகும் முதியவர் சுசுக்கி இச்சினொசுக்கே. அவர் அந்நிறுவனத்தின் தலைவர் என்பதை அறியாமலே அவன் நட்புக்கொள்கின்றான்.

கதையின் உயிர் இவ்விடத்திலேயே உள்ளது. தரையில் அவர் தலைவர், அவன் கடைநிலை ஊழியன். படகிலோ அவன் குரு, அவர் சீடர். இரை கோப்பது முதல் தூண்டிலைச் சுண்டுவது வரை அவனே கற்பிக்கின்றான், கண்டிக்கின்றான். இருவரும் தப்பிச் செல்வது வேலையிலிருந்தன்று; படிநிலையிலிருந்தே எனலாம். ஆயுட்கால வேலை, நிறுவன விசுவாசம் என்பவற்றால் மனிதன் தன் பதவியாகவே கணிக்கப்பட்ட சமூகத்தில், மீனுக்கு மட்டும் பதவி தெரியாது. தலைவரின் தூண்டிலென்று அது விரைந்து வந்து கௌவுவதில்லை. இவ்வெளிய உண்மையே நகைச்சுவையின் ஊற்று. இதனை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளும் விமர்சகர், உழைப்பாளியொருவன் உயர்வை விரும்பாதிருப்பதிலுள்ள மறுப்பைக் காணத் தவறிவிடுவர்.

எனினும் அம்மறுப்பின் எல்லையும் நோக்கத்தக்கது. படகு மாலையிற் கரைக்குத் திரும்புகின்றது. திங்கட்கிழமை அலுவலகத்தில் இருவரும் தம் நட்பை மறைத்து நடிக்கின்றனர். அந்நடிப்பிலிருந்தே அடுத்த கதைக்கான சிரிப்புப் பிறக்கின்றது. நட்பு வெளிப்படையாயின் படிநிலை குலையும். படிநிலை குலைந்தால் கதையே இல்லை. எனவே எந்த ஒழுங்கை எள்ளுகின்றதோ, அந்த ஒழுங்கையே இச்சித்திரக்கதை நம்பியிருக்கின்றது. 1988 முதல் 2009 வரை வெளிவந்த 22 திரைப்படங்களிலும் நிஷிதா தொஷியுக்கியும் மிக்குனி ரெந்தாரோவும் இவ்விரட்டை வாழ்வை நடித்துக்காட்டினர். அவற்றின் திரைக்கதையாக்கத்தில் யமதா யோஜி பங்குகொண்டார். மிக்குனியின் முகத்திலே தெரியும் தனிமை, சித்திரத்தின் உருண்டை முகங்களில் இவ்வளவு கனமாக இல்லை. இவ்வகையில் திரைப்படம் மூலத்தை விஞ்சுகின்றது.

குருக்கள்மடத்து வாசகன் கேட்கக்கூடிய கேள்வி வேறொன்று. தூண்டிலிடுவோரை ஏற்றிச் செல்லும் படகுக்காரருக்கு அந்த ஞாயிறு என்ன நாள்? எப்பாரில் மீன் நிற்கும், எக்காற்றில் திரும்பவேண்டும் என்று அறிந்தவர் அவர். தலைவரும் ஊழியனும் சமமாகும் அந்த மிதக்கும் மேடை அவருடைய உழைப்பின்மீதே நிற்கின்றது. கதையில் அவர் நண்பராகவும் நகைச்சுவைத் துணையாகவும் வருகின்றார். ஆனால் தப்பிச் செல்லும் ஏக்கம் அவருக்கு அளிக்கப்படவில்லை. இருவரும் மீன்களுடன் வீடு செல்லும்போது சித்திரச் சட்டகமும் அவர்களோடு செல்கின்றது. கரையில் படகைக் கழுவிக்கொண்டு நிற்பவரை அது திரும்பிப் பார்ப்பதில்லை.