அவையடக்கமும் ஆய்விடைவெளியும்: இரண்டாம் மொழி ஆங்கிலத்தில் ஆய்வெழுத்துப் பயிற்சி

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றவை. அங்குப் பயில்வோருள் பலர் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்தவர்கள். இளநிலையில் பகுதி இரண்டாக அமையும் ஆங்கிலம் செய்யுள், உரைநடை, இலக்கணம் என்ற எல்லைக்குள் நிற்க, ஆய்வு நிலையில் திடீரென நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆங்கில ஆய்வேடு எதிர்பார்க்கப்படுகிறது. முனைவர் பட்ட ஆய்வாளர் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெறவேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. ஆனால் நடைமுறையில் அப்பயிற்சி பிழைதிருத்தமாகவே சுருங்கிவிடுகிறது.

தமிழில் இல்லாத சுட்டிடைச்சொற்களும் ஆங்கில முன்னிடைச்சொற்களும் மாணவருக்கு இடர் தருவன என்பது உண்மையே. எனினும் அவற்றைத் திருத்திய பின்னும் ஆய்வேட்டில் வாதம் பிறந்துவிடுவதில்லை. கருத்துத் திருட்டுத் தடுப்புக்கான 2018ஆம் ஆண்டு நெறிமுறை பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. அதன் விளைவாக, எண்ணிக்கையைக் குறைப்பதற்காகச் சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதும் பழக்கம் பரவியுள்ளது. மென்பொருளுக்கு அது புதிய எழுத்து. வாசகருக்கோ அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

இச்சிக்கலை 1966இல் ராபர்ட் கப்லான் பண்பாட்டுச் சிந்தனை வடிவங்களின் வேறுபாடாக விளக்கினார்: ஆங்கிலப் பத்தி நேர்கோடு, கீழைத்தேயப் பத்தி சுருள். பின்வந்தோர் இதனை ஆசிய மாணவர் அனைவர்க்கும் விரித்தமை மிகைபடக் கூறலே. சொல்லதிகார உரையில் சேனாவரையர் இளம்பூரணர் கருத்தை எடுத்துக்காட்டி, காரணம் கூறி மறுத்துத் தம் கொள்கையை நிறுவும் முறையில் சுருள் எங்கே உள்ளது? தடைவிடை தமிழ் உரைமரபின் அன்றாடக் கருவி. நன்னூற் பொதுப்பாயிரம் வகுத்த பத்துக் குற்றங்களுள் கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் ஆகியவை இன்றைய ஆய்வேட்டு மதிப்பீட்டாளரின் குறிப்புகளிலும் இடம்பெறத் தக்கவை.

ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் வகுத்த முன்னுரை அமைப்பு, களத்தை நிறுவுதல், அதில் இடைவெளியைக் காட்டுதல், அதனை நிரப்புதல் என மூன்று படிகள் கொண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுரேஷ் கனகராஜா, 2002இல் வெளிவந்த தம் நூலில், அங்குள்ள அறிஞரின் எழுத்து இவ்வமைப்போடு முழுதும் பொருந்தாமையைக் குறைபாடாகக் கொள்ளவில்லை. தாள் தட்டுப்பாடும் அஞ்சல் தடையும் நிலவிய சூழலையும் உள்ளூர் அவையின் மரபையும் கணக்கில் கொண்டார். அவரது நூலின் வலிமை அது. ஆயினும் அவர் காட்டுவோர் துறையறிவு முதிர்ந்தவர்கள். மரபை அறிந்தபின் விலகக்கூடியவர்கள். குடும்பத்தில் முதன்முறையாக ஆய்வுக்கு வரும் மாணவரிடம் அத்தேர்வு இல்லை. உள்ளூர் நடையை மதித்தல் என்னும் பெயரில் அவருக்கு இடைவெளி காட்டும் படியைக் கற்பிக்காது விடுவது, இதழின் கதவை வெளியிலிருந்து பூட்டுவதாகும்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம். 18 மீட்டர் நீளமுள்ள அம்மரத்தை 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்ததையும், அது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு பழமையானது என்பதையும், வட்டாரப் பெருமையையும் நிரலாகச் சொன்னபின் மாணவர் நின்றுவிடுவார். முன்னையோர் கூற்றைக் குறைசொல்வது அவையடக்கத்துக்கு முரண் என்னும் தயக்கமே, இலக்கணத்தைவிட, அங்கே எழுதுகோலைத் தடுக்கிறது. சேனாவரையர் உரையின் ஒரு பக்கத்தை முன்வைத்து, அவர் இளம்பூரணரிடம் எதை ஏற்றார், எதை மறுத்தார் எனத் தமிழிலேயே பிரித்தறியச் செய்தபின் அதே மாணவரிடம் கிருஷ்ணனுக்குப் பிறகு எந்த வினா எஞ்சுகிறது என ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் கேட்கலாம். அவ்வாக்கியத்தில் சுட்டிடைச்சொல் தவறியிருக்கலாம். நெறியாளர் அதனை இரண்டாம் வரைவில் திருத்திக்கொள்ளலாம்.