பின்னறைக்கு எட்டாத வைஃபை

கொடைரோட்டில் நிலக்கோட்டை சாலைப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களிடம் இப்போது ஒரு சமாதானம் புழங்குகிறது: "வைஃபை எட்டலேன்னா ரிப்பீட்டர் வாங்கி மாட்டிக்கலாம்." கடைக்காரர் சொல்வதும் யூடியூபில் பெட்டி பிரித்துக் காட்டுகிறவர் சொல்வதும் இதுதான். மறுத்துப் பேசினால், "ஒயருக்காகச் சுவரைக் கொத்த முடியுமா?" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அந்தக் கேள்வியோடுதான் எனக்கு நெடுநாள் தகராறு.

ரிப்பீட்டருக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். விலை குறைவு, ஐந்து நிமிட வேலை. வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே ஓனரைக் கேட்க வேண்டும். கருங்கல் சுவர் வைத்த பழைய வீட்டில் துளை போடுவது லேசில்லை. அவர்கள் வாங்கட்டும்.

சொந்தச் செங்கல்லில் கட்டுகிறவருக்கு என்ன வந்தது? கம்பத்திலிருந்து வரும் ஃபைபர், வாசல் ஜன்னல் வழியே நுழைகிறது. ஒயர் முடிந்த இடத்தில், டிவிக்குப் பின்னால், கேபிள்காரர் மோடத்தை வைத்துவிட்டுப் போகிறார். அங்கிருந்து பின் படுக்கையறைக்கு ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு, நடுவில் இரும்பு பீரோ. மாடிக்கென்றால் கம்பி கட்டிய காங்கிரீட் தளம். சிக்னல் 10 டெசிபல் இறங்கினால் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மிஞ்சும். 20 இறங்கினால் நூறில் ஒரு பங்கு. செங்கல் ஓரளவு விட்டுக்கொடுக்கும், காங்கிரீட் அதிகம் விழுங்கும், பீரோவின் தகடு திருப்பியே அனுப்பிவிடும். வேகத்துக்குப் பேர்போன 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 ஐவிடச் சீக்கிரம் சுவரில் சோர்ந்துபோகும். ஹாலில் நின்று ஸ்பீடு டெஸ்ட் எடுத்துப் பூரிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ரிப்பீட்டரை எங்கே மாட்டுகிறார்கள்? சிக்னல் வராத அறையில், பிரிட்ஜுக்குப் பக்கத்து பிளக் பாயிண்டில். ஊர்க்கோடியில் நின்று தண்டோராவைப் பாதி கேட்டவன் அடுத்த தெருவுக்குச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் நடக்கிறது. போனில் சிக்னல் முழுசாகக் காட்டும், வீடியோ மட்டும் சுத்திக்கொண்டே இருக்கும். போன் காட்டுவது, தனக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலுள்ள பலம். ரிப்பீட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே உள்ள நோஞ்சான் இணைப்பு அதில் தெரியாது. ஆகவே பழி கம்பெனி மேல் விழும்; அடுத்த மாதம் கூடுதல் வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டுவார்கள், அதுவும் ஹாலோடு நின்றுவிடும்.

ஒற்றை ரேடியோ வைத்த மலிவு ரகம் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாதது. ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை போகிறது, வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. இரட்டை பேண்டு ரகம் பரவாயில்லை. மெஷ் என்று மூன்று பெட்டிகளாக விற்கிறார்களே, அது? பெட்டிகளை ஒயரால் இணைத்தால் நல்ல சாமான். இணைக்காவிட்டால், என் கணக்கில், விலை கூடிய ரிப்பீட்டர்தான்.

சரி, கொத்த முடியாதாம். கரண்டுக்குக் கொத்துகிறோம். இன்வெர்ட்டருக்குத் தனி லைன் இழுக்கிறோம். ஏசி பைப்புக்கு வெளிச்சுவரில் ஓட்டை போடுகிறோம். மோட்டார் சுவிட்சுக்காகக் கீழிருந்து மொட்டை மாடி வரை போகிறோம். பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கும் மருமகளின் ஆபீஸ் வேலைக்கும் ஒரு பைப் என்றால் மட்டும் சுவர் புனிதமாகிவிடுகிறது. ஒரு சாதாரண கேட்-6 கேபிள், 100 மீட்டர் தூரம் வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தைக் குறையாமல் கொண்டுபோகும். கொடைரோட்டில் யார் 100 மீட்டர் நீளத்துக்கு வீடு கட்டுகிறார்கள்? அதன் மறுமுனையில் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரை ஆக்சஸ் பாயிண்டாக மாற்றி வைத்தால் போதும்.

2024 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்புக்கு நட்சத்திரத் தரம் வழங்கும் விதிமுறையைக் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் மேஸ்திரியையும் எலக்ட்ரீஷியனையும் வைத்துக் கட்டும் தனி வீட்டுக்காரர் அந்த நட்சத்திரத்தைத் தேடிப் போகப்போவதில்லை. அவர் வீட்டு பிளானில் பூஜை அறைக்கு இடம் இருக்கிறது, மோடத்துக்கு இல்லை.

கட்டி முடித்தவர்கள், செலவு செய்யுமுன் மோடத்தை வீட்டின் நடுவுக்கு, தலைக்கு மேல் உயரத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேபிள்காரர் முகம் சுளிப்பார், கேளுங்கள். இப்போது கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, ஹாலிலிருந்து பின்னறைக்கும் மாடிக்கும் 25 எம்எம் பைப் ஒவ்வொன்று போட்டுவிடுங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க விடாதீர்கள்.